பாஷ்யகாரரும் நின்ற எழுத்தாணியும்

உத்ஸவ காலங்களில் எம்பெருமானுக்கு முன்னே திவ்யப்ரபந்த கோஷ்டியும் பின்னே வேதபாராயண கோஷ்டியும் எழுந்தருளுவதை அடியார்கள் அனைவரும் ஸேவித்திருப்பீர்கள். தமிழ் வேதமும் வடமொழி வேதமும் கூறும் பொருள் ஒன்றே என்று நமக்குத் தெளிவித்தருளியவர் பகவத் ராமாநுஜர். 1017ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீபெரும்பூதூரில் ஆஸூரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருக்குமாரராக அவதரித்தவர். அவருடைய ஆயிரமாவது திருநக்ஷத்ரத்தை 2017ஆம் ஆண்டு திவ்யதேசங்களெங்கும் கொண்டாடினோம். திருக்கோஷ்டியூர்க் கோபுர வைபவமும் திருநாராயணபுர வைபவமும் சிறு பிள்ளைகளும் அறிந்தவை. அவர் க்ரந்தம் இயற்றிய முறை அவ்வளவு பரவலாக அறியப்படவில்லை. ஆகவே அதனை மட்டும் இங்கே எழுத முற்படுகிறேன்.

இளமையில் திருப்புட்குழியில் யாதவப்ரகாசரிடம் அவர் வேதாந்தம் வாசித்தார். ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய்க்காப்புச் சாத்திக்கொண்டிருந்தபோது, சாந்தோக்ய உபநிஷத்தில் பரமபுருஷனின் திருக்கண்களைக் கூறும் ஒரு சொல்லுக்கு யாதவப்ரகாசர் குரங்கின் ஓர் அங்கத்தை உவமையாக்கிப் பொருள் உரைத்தார். அதைக் கேட்ட இளையாழ்வாரின் கண்ணீர் வெதுவெதுப்பாக ஆசிரியரின் தொடையில் விழுந்தது. காரணம் வினவப்பட்டபோது, கதிரவனின் கிரணங்களால் மலர்ந்த தாமரை என்று அச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாமே என்று விண்ணப்பித்தார். அன்று கண்ணீராக வெளிப்பட்ட அப்பொருள் பிற்காலத்தில் வேதார்த்தஸங்க்ரஹத்தில் இலக்கண நியாயங்களோடு இடம்பெற்றது. மனம் பொறாத ஓர் இடத்தை மறவாமல் பல ஆண்டுகள் உள்ளே வைத்திருந்து, தக்க பிரமாணங்களோடு பின்னர் எழுதுவது அவருடைய வழக்கம் என்பதற்கு இது ஒரு சான்று.

ஆளவந்தாரின் சரம திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்ததைக் கண்டு அவர் செய்த ப்ரதிஜ்ஞைகளுள் ஒன்று, வ்யாஸ ஸூத்ரங்களுக்கு விசிஷ்டாத்வைதப்படி பாஷ்யம் இயற்றுவதாகும். ஆயினும் அவர் உடனே ஏட்டைக் கையில் எடுத்துவிடவில்லை. முதலில் பெரிய நம்பி, திருக்கோஷ்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப்பெருமாளரையர், திருமலை நம்பி என்று ஆளவந்தாரின் சிஷ்யர் ஐவரிடமும் சென்று கேட்டார். ஸ்ரீராமாயணத்தைக் கேட்பதற்கு மட்டும் திருமலையடிவாரத்தில் ஓராண்டு தங்கினார்.

திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்ட காலத்தில் ஒரு தடை நேர்ந்தது. ஆண்டான் உரைத்த பொருளுக்கு மேலே வேறு பொருள் தோன்றினால் ராமாநுஜர் அதை அவ்வப்போது விண்ணப்பித்து வந்தார். இரண்டாம் பத்தில் மூன்றாம் திருவாய்மொழியில் ஒரு பாசுரத்திற்கு இவ்வாறு நேர்ந்தபோது, ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள் இது என்றும், விச்வாமித்ர ஸ்ருஷ்டி போன்றது என்றும் கூறி ஆண்டான் காலக்ஷேபத்தையே நிறுத்திவிட்டார். செய்தி அறிந்த திருக்கோஷ்டியூர் நம்பி ஓடிவந்து, அப்பொருளையும் ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று சொன்ன பிறகே மீண்டும் தொடங்கிற்று. பின்னும் ஒருமுறை இவ்வாறே நிகழ, ஆளவந்தாரை நேரில் அடையாதவருக்கு அவர் திருவுள்ளம் எவ்வாறு தெரியும் என்று ஆண்டான் வினவினார். தாம் ஆளவந்தாருக்கு ஏகலவ்யனைப் போன்ற சிஷ்யன் என்று ராமாநுஜர் விடையளித்தார். ஆசிரியர் முன்னிலையில் இவ்வாறு தடை சொன்னவர், பிற்காலத்தில் தாம் எழுதும்போது தமக்கும் தடை சொல்ல ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அவர் கூரத்தாழ்வான். கூரத்தில் பெருஞ்செல்வராக இருந்து, அனைத்தையும் துறந்து ஸ்ரீரங்கம் வந்து உடையவரை ஆச்ரயித்தவர். ஒருமுறை கேட்டதை மறவாத மேதை அவருக்கு இருந்தது. ஸூத்ரங்களுக்கு போதாயனர் இயற்றிய விரிவான வ்ருத்தியைப் பாராமல் பாஷ்யம் எழுதுவது தகாது என்று உடையவர் கருதினார். அந்த ஏடு காச்மீரத்தில் சாரதா பீடத்தில் இருப்பதாகக் கேள்வியுற்று, ஆழ்வானையும் உடன் அழைத்துக்கொண்டு அத்துணைத் தொலைவும் எழுந்தருளினார். குருபரம்பரை நூல்கள் கூறுவதன்படி, கிடைத்த ஏட்டோடு திரும்புகையில் அவ்விடத்துப் பண்டிதர்கள் பின்தொடர்ந்து வந்து அதைப் பிடுங்கிச் சென்றனர். உடையவர் மிகவும் வருந்தினார். அப்போது ஆழ்வான், இரவுதோறும் ஆசார்யன் திருக்கண் வளர்ந்த பின் தாம் அவ்வேட்டை வாசித்து நெஞ்சில் பதித்துக்கொண்டதைப் பணிவுடன் தெரிவித்தார். பகலெல்லாம் நடந்த களைப்போடு விளக்கொளியில் ஏடு பார்ப்பது எத்தகைய வேலை என்பது க்ரந்த லிபி ஓலைகளைப் புரட்டியவர்களுக்கே விளங்கும். இன்று அந்த வ்ருத்தி எங்கும் கிடைப்பதில்லை.

ஸ்ரீரங்கத்தில் பாஷ்யம் தொடங்கியது. உடையவர் வாயால் அருளிச்செய்ய ஆழ்வான் பட்டோலை கொள்வது என்பது ஏற்பாடு. உடையவர் அதற்கு ஒரு நிபந்தனையும் விதித்தார். தாம் கூறும் பொருள் வ்ருத்திக்குப் பொருந்தாதது என்று தோன்றினால், ஆழ்வான் வாய் திறந்து மறுக்க வேண்டியதில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டால் போதும். தாம் அதைக் கண்டு மீண்டும் ஆலோசித்துச் சொல்வதாக ஏற்பாடு. பனையோலையில் எழுத்தாணி கீறும்போது மெல்லிய ஓசை எழும். அவ்வோசை நின்றால் சொல்பவருக்குத் தானே தெரிந்துவிடும். மேலும் ஓலையில் கீறியதை எளிதில் அழித்து எழுத இயலாது. தவறு ஓலையில் ஏறுவதற்கு முன்பே நிற்க வேண்டும். அதற்கு ஏற்ற வழி இதுவே.

இவ்வாறு பல நாட்கள் நடந்துவர, ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தை நிரூபிக்கும் இடம் வந்தது. அறிபவனாயிருத்தல், அதாவது ஞாத்ருத்வம், ஜீவனுக்கு ஸ்வரூபம் என்று உடையவர் அருளிச்செய்தார். எழுத்தாணி நின்றது. மறுபடியும் அதையே அருளிச்செய்தார். ஆழ்வான் எழுதவில்லை. ஜீவன் அறிபவன் என்பது உண்மையே. ஆனால் அவன் எம்பெருமானுக்குச் சேஷப்பட்டவன், அவனுடைய உடைமை என்பதைச் சொல்லாமல் அறிவை மட்டும் சொன்னால், ஜீவன் தனக்குத் தானே உரியவன் என்று கொள்ள இடமாகும். நம் ஸித்தாந்தம் முழுதும் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது. உடையவர் வெகுண்டார். இனி ஆழ்வானே பாஷ்யம் எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்லி எழுந்துவிட்டார். சினத்தில் ஆழ்வானைத் திருவடியால் தள்ளிவிட்டதாகவும் சில ஏடுகள் கூறும். இதை மறைத்து எழுதுவோரும் உண்டு. நம் பூர்வர்கள் மறைக்காமல் சொல்லி வைத்ததை நாம் மறைப்பானேன்?

உடனிருந்த முதலிகள் ஆழ்வானிடம் வந்து, இனி என்ன செய்வதாகக் கருத்து என்று கேட்டனர். உடைமையை உடையவன் எடுத்து ஆளலாம், எறிந்தும் விடலாம், உடைமை செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பதே ஆழ்வானின் விடையாக இருந்தது. ஏட்டில் எழுதப்படாமல் நின்ற சேஷத்வம் என்னும் பொருளையே ஆழ்வான் அப்போது அநுஷ்டித்துக் காட்டிக்கொண்டிருந்தார் என்று அடியேனுக்குத் தோன்றும். உடையவர் தனியே அமர்ந்து அவ்விடத்தை ஆராய்ந்தார். ஆழ்வான் நிறுத்தியது நியாயம் என்று தெளிந்தார். தாமே ஆழ்வானிடம் வந்து, பொறுக்குமாறு கேட்டு அணைத்துக்கொண்டு, திருத்திய பொருளை அருளிச்செய்தார். எழுத்தாணி மீண்டும் நடந்தது. தமக்கு இருந்த ஞானத்திற்கும் பெருமைக்கும் வேறோர் ஆசிரியராயின் எழுதுபவரை மாற்றியிருப்பார்.

இவ்வாறு முடிந்த ஸ்ரீபாஷ்யம் நான்கு அத்தியாயங்களும் பதினாறு பாதங்களும் கொண்டது. அதில் 545 ஸூத்ரங்களுக்கு உரை உண்டு. முதல் ஸூத்ரத்திற்கு எழுதிய வ்யாக்யானம் மட்டும் தனி நூலாக நிற்கத்தக்கது. அதில் எதிர்ப்பக்கத்தாரின் வாதத்தை முதலில் எழுதும்போது ஒரு குறையும் வையாமல், அவர்களே வியக்கும்படி வலுவாக நிறுத்துகிறார். புதிதாகக் காலக்ஷேபம் கேட்கும் சிறுவர்கள் அவ்விடத்தில் இனி பதில் ஏது என்று மயங்குவதுண்டு. அதன் பின்னரே ஸித்தாந்தம் வருகிறது. நூலின் தொடக்கத்தில், போதாயனரின் வ்ருத்தியையும் அதைச் சுருக்கிய பூர்வாசார்யர்களையும் கூறி, அவர்கள் கருத்தின்படியே தாம் ஸூத்ரங்களுக்குப் பொருள் சொல்வதாக எழுதுகிறார். புதுமை தமக்கு வேண்டாம் என்பது அவர் கொள்கை.

தர்க்கம் நிறைந்த அதே திருவாய், ஒரு பங்குனி உத்தரத்தன்று ஸ்ரீரங்கத்தில் நாச்சியாரும் பெருமாளும் சேர்த்தியில் எழுந்தருளியிருக்க, சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தது. அங்கே எதிர்வாதமும் இல்லை, ஸூத்ரமும் இல்லை. இன்றும் அந்நாளில் கத்யத்ரயம் அங்கே ஸேவிக்கப்படுகிறது. அவர் அருளிய ஒன்பது நூல்களில் நித்ய க்ரந்தம் அன்றாடத் திருவாராதன முறையைச் சொல்வது. மணி அடித்துத் திருவாராதனம் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே கையேடு.

ஒன்பதும் வடமொழியே. தமிழில் அவர் ஒரு நூலும் எழுதவில்லை. ஆனால் பிக்ஷைக்கு எழுந்தருளும் வழியெல்லாம் திருப்பாவையை அநுஸந்தித்துச் சென்றதால் திருப்பாவை ஜீயர் என்றே பெயர் பெற்றார். மடத்தில் தனித்திருக்கையில் திருவாய்மொழிப் பாசுரங்களில் ஆழ்ந்து உலாவுவார். ஒருநாள் அவ்வாறு அவர் அபிநயத்தோடு உலாவியதைக் கதவின் துளை வழியே கண்ட திருக்குருகைப்பிரான் பிள்ளான், பத்தாம் பத்தில் திருமாலிருஞ்சோலையைக் கூறும் பாசுரமோ திருவுள்ளத்தில் ஓடுகிறது என்று கேட்டார். அதுவே உண்மையாக இருந்தது. திருவாய்மொழிக்குத் தாம் உரை எழுதினால் ஆழ்வாரின் கருத்துக்கு அதுவே எல்லை என்று பின்னுள்ளோர் கருதிவிடுவர் என அஞ்சி உடையவர் எழுதவில்லை என்று பெரியோர் பணிப்பர். பிள்ளானை எழுதும்படி நியமித்தார். அவ்வுரையே ஆறாயிரப்படி. முப்பத்திரண்டு எழுத்து ஒரு படி. அதன் பின் ஒன்பதினாயிரம், பன்னீராயிரம், இருபத்துநாலாயிரம், முப்பத்தாறாயிரம் என்று உரைகள் வளர்ந்தன.

சோழன் ஸபையில் உடையவருக்கு ஆபத்து வந்த காலத்தில், ஆழ்வான் ஆசார்யனின் காஷாயத்தைத் தாம் உடுத்துக்கொண்டு சென்று, கண்களை இழந்தார். உடையவர் வெள்ளை சாத்தி மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். பல ஆண்டுகளுக்குப் பின் இருவரும் மீண்டும் சந்தித்தபோது, விளக்கொளியில் வ்ருத்தியைப் படித்த கண்கள் இல்லை. கச்சியில் வரதனைத் துதித்துக் கண்களை வேண்டும்படி உடையவர் நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை வாயால் அருளிச்செய்தார். அதை ஓலையில் ஏற்றுவதற்கு இப்போது வேறொருவர் வேண்டியிருந்தது. வரம் கேட்கும் வேளையில், தம் கண்களை இழப்பதற்குக் காரணமான நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிடைக்க வேண்டும் என்று கேட்டார்.

பின்பு ஆழ்வான் நம்பெருமாளிடம் திருநாட்டிற்கு விடை பெற்று வந்தார். தமக்கு முன்னே செல்வது முறையோ என்று உடையவர் கலங்கினார். ஆசார்யன் அங்கே எழுந்தருளும்போது எதிர்கொண்டு அழைப்பதற்கு அடியேன் முன்னரே சென்றிருக்க வேண்டாவோ என்பது ஆழ்வானின் விண்ணப்பம். உடையவர் அவருடைய திருக்குமாரர் பராசர பட்டரைத் தம் பக்கத்தில் இருத்திக்கொண்டார். பாஷ்யகாரர் 1137ஆம் ஆண்டு திருநாட்டுக்கு எழுந்தருளினார்.