ஜானகி அம்மாள்

எடவலேத் கக்கட் ஜானகி அம்மாள் (நவம்பர் 4, 1897 - பெப்ரவரி 7, 1984) ஓர் இந்தியத் தாவரவியலாளர் ஆவார். உயிரணு மரபியலிலும் தாவரக் கலப்பினங்களை உருவாக்குவதிலும் வல்லவர். கோயம்புத்தூரில் கரும்பையும் இங்கிலாந்தில் மக்னோலியா முதலிய அலங்காரச் செடிகளையும் ஆராய்ந்தார். திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானலில் உருவாக்கப்பட்ட ரோசா வகை ஒன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இளமையும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் பகுதியிலுள்ள தலச்சேரியில் பிறந்தார். தந்தை கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். பறவைகளையும் செடிகொடிகளையும் பற்றி ஆர்வம் மிக்கவர். பெரிய குடும்பம். சகோதரிகள் திருமணம் செய்துகொண்ட வயதில் ஜானகி படிப்பைத் தேர்ந்தெடுத்தார். இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்று, 1921ஆம் ஆண்டு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் சிறப்புப் பட்டம் பெற்றார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது பார்பர் உதவித்தொகை கிடைக்கவே, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் தாவரவியலில் இப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் எனக் கருதப்படுகிறார். அவர் உருவாக்கிய கத்தரிக் கலப்பினம் ஒன்று 'ஜானகி பிரிஞ்சல்' என்று அழைக்கப்பட்டது.

கரும்பு ஆய்வு

திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இரண்டாண்டுகள் பணியாற்றிய பின் 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார்.

இந்தியக் கரும்புக்கு இனிப்பூட்டியவர் இவரே என்று பல இடங்களில் எழுதப்படுவதுண்டு. இது முழுமையாகச் சரியன்று. 1912இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தில் பார்பரும் தி. சு. வெங்கட்ராமனும் இனிப்பு மிக்க கரும்பைப் பேய்க்கரும்புடன் கலந்து உருவாக்கிய கோ 205 என்னும் வகை, 1918லேயே உழவர்களிடம் சென்றுவிட்டது. ஜானகி அம்மாளின் பங்கு வேறு. அதன் அருமையும் குறைந்ததன்று. கலப்பினத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நிறப்புரிகளை (குரோமோசோம்களை) எண்ணிக் காட்டியவர் அவர். இனிப்புக் கரும்பின் உயிரணுவில் 80 நிறப்புரிகள் உள்ளன. பேய்க்கரும்பிலோ இந்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறி 40 முதல் 128 வரை செல்கிறது. வேர் நுனியை மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ண வேண்டிய வேலை இது. கணினியில்லாத காலம் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். எந்தச் செடியை எதனுடன் கலந்தால் பயன் கிடைக்கும் என்பதை அறிய இக்கணக்கு உதவிற்று.

கரும்பை அதன் உறவுப் புல்லினங்களுடன் கலக்கவும் முயன்றார். கரும்பு-மக்காச்சோளக் கலப்பினம் பற்றிய அவரது குறிப்பு 1938இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஆயினும், திருமணமாகாத பெண் என்பதாலும் பிறந்த சாதியாலும் அங்கு உடன் பணியாற்றிய ஆண்களிடம் அவர் இடர்ப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

இங்கிலாந்தில்

1939 ஆகத்து மாதம் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றவர், உலகப் போர் தொடங்கியதால் அங்கேயே தங்கினார். இலண்டன் அருகிலிருந்த ஜான் இன்னசு தோட்டக்கலை நிறுவனத்தில் டார்லிங்டனுடன் பணியாற்றினார். பயிர்த் தாவரங்களின் நிறப்புரி எண்ணிக்கையைத் தொகுத்து இருவரும் எழுதிய நூல் 1945இல் வெளியானது. அவ்வாண்டே வைசிலியிலுள்ள அரச தோட்டக்கலைக் கழகத் தோட்டத்தில் உயிரணுவியலாளராகச் சேர்ந்தார்.

அங்கு அவர் கையாண்ட பொருள் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு. உயிரணு பிரியும்போது நிறப்புரிகளை இருபுறமும் இழுத்துச் செல்லும் நுண்ணிழைகளை இது உருவாகவிடாது. நிறப்புரிகள் இரட்டித்துவிடும், உயிரணுவோ பிரியாது. இவ்வாறு இரட்டித்த நுனியிலிருந்து வளரும் கிளையில் இலைகளும் பூவிதழ்களும் தடித்துப் பெரிதாக அமைவதுண்டு. மலட்டுக் கலப்பினங்கள் சில விதை தரும் ஆற்றலையும் பெறும். இந்நஞ்சு முதலில் ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த நமது செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இது உண்டு. திண்டுக்கல் மாவட்டச் சமவெளியில் ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிட்டு, மருந்துக்காக விதையை விற்பது இச்செடியையே.

மக்னோலியா நாற்றுகளின் நுனிகளில் ஜானகி அம்மாள் இந்நஞ்சுக் கரைசலை இட்டு வளர்த்தார். கோபசு மக்னோலியாவில் இயல்பாக உள்ள 38 நிறப்புரிகள் இதனால் 76 ஆயின. அவ்வகையில் ஒன்றுக்கு அவர் பெயரே இடப்பட்டது. மரமாக வளர்ந்து பூக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் செடியாதலால், வளர்த்தவர் ஊர் திரும்பிய பின்னும் அவை வைசிலியில் பூத்துக்கொண்டிருந்தன.

தாயகம் திரும்புதல்

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1955இல், மனிதன் புவியின் தோற்றத்தை மாற்றிவருவது பற்றிப் பிரின்சுடனில் நடந்த கருத்தரங்கில் இந்திய உழவர்களின் வாழ்முறை குறித்துப் பேசினார். 1970இல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் சேர்ந்து மதுரவாயலில் இருந்த அதன் கள ஆய்வகத்தில் வாழ்ந்தார். 1977இல் பத்மசிறீ விருது பெற்றார்.

பாலக்காட்டு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்தோருள் இவரும் ஒருவர். புதிய செடிகளைப் படைத்தவர், காட்டுச் செடிகளுக்காக வாதிட்டது முரண்போலத் தோன்றலாம். பேய்க்கரும்பு அழிந்திருந்தால் கோ 205 இல்லை என்பதைக் கோயம்புத்தூரில் இருந்தவர் நன்கறிவார். பெப்ரவரி 7, 1984இல் மதுரவாயலில் காலமானார். அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நினைவு

இந்திய அரசு இவர் பெயரில் தாவர வகைப்பாட்டியல் விருதை நிறுவியுள்ளது. கொடைக்கானலில் காட்டு ரோசாக்களைக் கலந்து புதிய வகைகளை உருவாக்கிவரும் கிரிஜா, வீரு வீரராகவன் இணையர், 2018இல் தாம் உருவாக்கிய ரோசா ஒன்றுக்கு 'ஈ. கே. ஜானகி அம்மாள்' எனப் பெயரிட்டனர்.