கவசம் இல்லாமல் வந்த பெண்

நம் குடியிருப்பில் பலர் வார இறுதியில் புதுச்சேரிக்குப் போய் வருகிறீர்கள். அடுத்த முறை போகும்போது டூமா வீதியில் கப்ஸ் கோயிலுக்கு எதிரே இருக்கும் சின்னத் தோட்டத்தை எட்டிப் பாருங்கள். அங்கே நிற்பது ஜோன் ஆஃப் ஆர்க் சிலை.

அவளுடைய இன்னொரு உருவம் பிரான்ஸில் ஓர்லியான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவரில் தொங்கவிடும் நெசவுச் சித்திரம் அது. 15ஆம் நூற்றாண்டில் கம்பளி நூலால் நெய்தது. மேலே ஜெர்மன் மொழியில் ஒரு வரி. ஜோன் குதிரையில், கவசம் அணிந்து, கையில் கொடியுடன் சினோன் கோட்டைக்கு வந்து சேர்கிறாள். இளவரசர் சார்லஸ் வரவேற்கிறார். போருக்கு முந்தைய காட்சி.

பார்க்க அழகுதான். ஆனால் நெய்தவர் ஒன்றை மாற்றிவிட்டார். 1429ஆம் ஆண்டு ஜோன் அங்கே வந்தபோது அவளிடம் கவசமும் இல்லை, அந்தக் கொடியும் இல்லை.

அப்போது அவளுக்குச் சுமார் 17 வயது. நம் வீட்டு ப்ளஸ் டூ பிள்ளையின் வயது. தொம்ரெமி கிராமத்து விவசாயி மகள். எழுதப் படிக்கத் தெரியாது. 13 வயதிலிருந்தே புனிதர்களின் குரல் தனக்குக் கேட்பதாக நம்பினாள். ஆங்கிலேயரிடமிருந்து நாட்டை மீட்க வேண்டும் என்று அந்தக் குரல்கள் சொன்னதாக, பக்கத்து ஊர்க் கோட்டைத் தலைவரிடம் போய் நின்றாள். கன்னத்தில் ரெண்டு போட்டு வீட்டுக்கு அனுப்பும்படி சொன்னார் அவர். விடவில்லை, மறுபடியும் போனாள். கடைசியில் ஊர்க்காரர்களே ஆண்கள் உடையும் குதிரையும் வாங்கிக் கொடுத்தார்கள். துணைக்கு ஆறு பேர். எதிரிகள் நடமாடும் பகுதி வழியே பதினோரு நாள் பயணம். சினோனுக்கு வந்தது அந்த ஆண் உடையில்தான்.

வந்தவுடன் வரவேற்பும் கிடைத்துவிடவில்லை. மத அறிஞர்கள் வாரக்கணக்கில் குடைந்து கேள்வி கேட்டார்கள். பிறகுதான் தூர் நகரில் 100 லிவ்ர் செலவில் கவசம் தயாரானது. கொடி வரைந்த ஓவியருக்கு 25 லிவ்ர். கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது!

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏழு மாதமாக முற்றுகையில் கிடந்த ஓர்லியான், அவள் வந்து சேர்ந்த பத்து நாளில் மே 8ஆம் தேதி விடுபட்டது. முதல் நாள் சண்டையில் தோள் பக்கம் அம்பு பாய்ந்தும் மாலையில் களத்துக்குத் திரும்பியிருந்தாள். ஜூலை 17 அன்று ரைம்ஸில் சார்லஸுக்கு முடிசூட்டு விழா.

1430 மே மாதம் பிடிபட்டாள். 10,000 லிவ்ருக்கு ஆங்கிலேயரிடம் விற்கப்பட்டாள். முடிசூட்டிக்கொண்ட அரசர் அவளை மீட்கவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடம் ஆறுவதில்லை.

ரூவான் நகர விசாரணையில் அந்த ஆண் உடை பெரிய குற்றமானது. மிரட்டலுக்குப் பணிந்து ஒருமுறை பெண் உடைக்கு மாறினாள். ஆனால் அடைத்து வைத்திருந்ததோ ஆண் காவலர்கள் நடுவே. பெண்கள் காவலில் வைக்கவில்லை. சில நாளில் பழைய உடைக்கே திரும்பினாள். அதையே சாக்காக வைத்து 1431 மே 30 அன்று உயிரோடு எரித்தார்கள். வயது சுமார் 19. நெசவுச் சித்திரத்தில் காணாமல் போன அந்த உடைதான் அவள் உயிரை வாங்கியது.

அவளுடைய தாய் இசபெல் சும்மா இருக்கவில்லை. 1455 நவம்பரில், வயதான காலத்தில், பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தில் நின்று மகளுக்கு நீதி கேட்டார். 1456 ஜூலை 7 அன்று பழைய தீர்ப்பு ரத்தானது. கத்தோலிக்கத் திருச்சபை ஜோனைப் புனிதர் என அறிவித்தது 1920இல்தான். இசபெல்லுக்கு உதவித்தொகை கொடுத்துக் கடைசிவரை பார்த்துக்கொண்டது ஓர்லியான் நகரம்.