எலியட் ஜோஸ்லின்

எலியட் புரொக்டர் ஜோஸ்லின் (ஜூன் 6, 1869 - ஜனவரி 28, 1962) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். நீரிழிவு நோய்க்கென்றே தம் பணியை ஒதுக்கிய முன்னோடிகளுள் ஒருவர். நோயாளி தம் சிறுநீரைத் தாமே சோதித்து, அதற்கேற்ப உணவையும் மருந்தையும் சீர்செய்ய வேண்டும் என்று கற்பித்தவர்.

வாழ்க்கை

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். 1895 இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்று, 1898 இல் பாஸ்டனில் தொழிலைத் தொடங்கினார். அவருடைய தாயாருக்கும் நீரிழிவு இருந்தது. மாணவராயிருந்த 1893 ஆம் ஆண்டில் தொடங்கிய நோயாளர் பதிவேட்டை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தார். ஒரே தெருவில் அடுத்தடுத்திருந்த மூன்று வீடுகளில் வாழ்ந்த ஏழு குடும்பத் தலைவர்களுள் ஆறு பேர் நீரிழிவால் இறந்ததை 1921 இல் எழுதினார். தொற்றுநோயாக இருந்திருந்தால் ஊரே விழித்திருக்கும் என்பது அவர் ஆதங்கம்.

சிறுநீர்ச் சோதனை

இன்சுலின் வருமுன் கடும் உணவுக்கட்டுப்பாடு மட்டுமே வழியாக இருந்தது. உடல் குளுக்கோசைப் பயன்படுத்த இயலாதபோது கொழுப்பை எரிக்கிறது. அதனால் உருவாகும் கீட்டோன்கள் மிகுந்தால் நோயாளி மயக்கமுற்று இறக்க நேரிடும். எனவே சிறுநீரில் சர்க்கரை, கீட்டோன் இரண்டையும் கண்காணிப்பது இன்றியமையாததாயிற்று. நீலநிறப் பெனடிக்ட் கரைசலுடன் சில துளி சிறுநீரைச் சேர்த்துக் காய்ச்சினால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என நிறம் மாறும். 1918 இல் வெளியிட்ட கையேட்டின் வழியே இத்தகைய அறிவை ஜோஸ்லின் நோயாளிகளிடமே கொண்டு சென்றார். 1922 ஆகஸ்டில் முதன்முதலாக இன்சுலின் அளித்தார். ஊசி கிடைத்த பிறகு சோதனை தேவையில்லை என்று அவர் கருதவில்லை. அதைப் போடும் அளவை அறியவே சோதனை மேலும் தேவைப்பட்டது.

இம்முறை குறையற்றதன்று. பெரும்பாலானோருக்கு இரத்தக் குளுக்கோசு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே சிறுநீரில் சர்க்கரை தோன்றும். தாழ்நிலைச் சர்க்கரையை இது காட்டாது. வீட்டில் இரத்தத்தைச் சோதிக்கும் கருவிகள் 1970களின் பிற்பகுதியில்தான் பரவின.

சர்ச்சை

1940களில் நியூயார்க் மருத்துவர் எட்வர்டு டால்ஸ்டாய் முதலியோர், கீட்டோன் இல்லாமலும் எடை குறையாமலும் இருந்தால் சிறுநீர்ச் சர்க்கரையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றனர். ஜோஸ்லின் இதைக் கடுமையாக எதிர்த்தார். கண், சிறுநீரகப் பாதிப்புகள் சர்க்கரை மிகுதியால் வருபவை என்பது அவர் நிலைப்பாடு. ஆயினும் உறுதியான சான்று அவரிடம் இல்லை. கண்டிப்பு நோயாளிகளை வீணே வாட்டுகிறது என்ற குறைகூறலும் எழுந்தது. முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 1993 இல் வெளியானபோது, கடுங்கட்டுப்பாட்டுக் குழுவில் விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்திருந்தது. ஜோஸ்லின் இறந்து அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.