தூரிகையிலிருந்து மண்ணுக்கு: ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

அமெரிக்க நாட்டில் அடிமையாய்ப் பிறந்து, அந்நாடே போற்றும் வேளாண் அறிஞராய் மறைந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். நிலக்கடலை ஆராய்ச்சியாளர் என்றே உலகம் அவரை அறியும். ஆயினும் கல்லூரியில் அவர் முதலில் விரும்பிக் கற்றது ஓவியமும் இசையுமே என்பதை நம் இளைஞர்களுள் பலர் அறியார். அவர் துறை மாறிய வரலாற்றை இம்மலரில் சிறிது விரித்துரைக்க விழைகின்றோம்.

மிசௌரி மாநிலத்தின் டயமண்ட் குரோவ் என்னும் சிற்றூரில், மோசஸ் கார்வர் என்ற வெள்ளைக் குடியானவருக்கு அடிமையாயிருந்த மேரி என்பவருக்கு அவர் மகனாய்ப் பிறந்தார். ஆண்டு 1864 அளவில் இருக்கலாம். அடிமைக் குழந்தையின் பிறந்த நாளைக் குறித்து வைப்பார் யார்? கைக்குழந்தையாயிருந்தபோதே கொள்ளையர் தாயையும் சேயையும் கவர்ந்து சென்றனர். சேய் மட்டுமே மீட்கப்பட்டது. தாய் என்னவானார் என்பது இறுதிவரை தெரியவில்லை. 1865 இல் அடிமைமுறை ஒழிந்தபின் மோசஸும் அவர் மனைவி சூசனும் அக்குழந்தையைத் தம் இல்லத்திலேயே வளர்த்தனர்.

நோஞ்சானாயிருந்ததால் சிறுவனுக்கு வயல்வேலை கொடுக்கப்படவில்லை. சமையலும் தையலும் எழுத்தும் சூசனிடம் கற்றான். எஞ்சிய பொழுதெல்லாம் காட்டிலேயே கழிந்தது. வாடிய செடி ஏன் வாடிற்று, இந்தப் பூ ஏன் நிழலில் மலர்கிறது என்று ஓயாது துருவிப் பார்ப்பான். அண்டை அயலார் தம் வாடிய செடிகளை அவனிடம் கொண்டுவந்து காட்டலாயினர்.

அவ்வூர்ப் பள்ளி கறுப்பர்க்கு இடமளிக்கவில்லை. ஆகவே சில மைல் தொலைவிலுள்ள நியோஷோவுக்குச் சென்று, சலவைத் தொழில் செய்துவந்த மரியா வாட்கின்ஸ் என்னும் மருத்துவச்சியின் வீட்டில் தங்கிப் படித்தார். பின்னர்க் கான்சஸ் மாநிலத்தில் ஊர் ஊராய் அலைந்து, சமைத்தும் துணி வெளுத்தும் உயர்நிலைக் கல்வியை முடித்தார். ஹைலண்ட் என்ற ஊரிலிருந்த கல்லூரி அஞ்சல் வழி வந்த விண்ணப்பத்தைக் கண்டு இடமளித்தது. நேரில் வந்து நின்றவரின் நிறத்தைக் கண்டதும் வாயிலிலேயே திருப்பியனுப்பியது. தாளிலே தெரியாத நிறம் வாயிலிலே தெரிந்துவிட்டது! இவ்வகை வாயில்களை நம் மூத்தோரும் கண்டவர்களே. அதன்பின் 1886 இல் கான்சஸ் சமவெளியில் அரசு அளித்த நிலத்தில் புல்மண் கட்டிகளால் வீடெழுப்பிப் பயிரிட்டுப் பார்த்தார். அதுவும் நிலைக்கவில்லை.

1890 இல் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. அங்கும் மாணவர்களின் துணிகளை வெளுத்தே வயிறு வளர்த்தார். ஓவிய வகுப்பில் எட்டா பட் என்னும் ஆசிரியை அவருடைய செடி கொடிப் படங்களைக் கூர்ந்து நோக்கினார். இலையின் நரம்பும் பூவின் இதழடுக்கும் பிழையின்றி இருந்தன. மாணவர் தாமே ஒட்டுக்கட்டி வளர்த்த செடிகளையும் கொண்டுவந்து காட்டினார். அவ்வம்மையாரின் தந்தையார் ஏம்ஸ் நகரின் அயோவா வேளாண் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். கறுப்பர் ஒருவர் ஓவியத்தால் உயிர் வாழ்தல் அரிது என்று அஞ்சிய ஆசிரியை, அங்குச் சென்று தாவரவியல் பயிலுமாறு அறிவுறுத்தினார்.

இம்முடிவு எளிதன்று. ஓவியமே அவர் உயிர். ஆனால் தம் மக்கள் தென்மாநிலங்களில் வறண்ட நிலத்தோடு போராடுவதை நினைந்து, அவர்கட்கு எது மிகுதியாய்ப் பயன்படும் என்று எண்ணியே துறை மாறினார். திறமுடைய ஒருவன் தன் மனம் விரும்பியதை விட்டுத்தான் இனத்துக்கு உழைக்க வேண்டுமா என்று கேட்பார்க்கு நாம் விடை கூற வல்லோம் அல்லோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் இவ்வினாவை எவரும் எழுப்புவதில்லை என்பதை மட்டும் சொல்லி வைப்போம்.

1891 இல் ஏம்ஸில் சேர்ந்தார். அக்கல்லூரியின் முதற் கறுப்பு மாணவர் அவரே. தொடக்கத்தில் மற்ற மாணவரோடு பந்தியில் அமர விடாது, பண்ணையாட்களோடு கீழ்த்தளத்தில் உண்ணச் செய்தனர். எனினும் 1893 இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் ஓவியம் இடம்பெற்றது. 1894 இல் இளநிலைப் பட்டமும், காளான் நோய்களை ஆராய்ந்து 1896 இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். ஓவியனின் கண்ணே நுண்ணோக்கியின் முன்னும் அவருக்குத் துணைநின்றது என்பது நம் கருத்து.

அவ்வாண்டே புக்கர் வாஷிங்டனின் அழைப்பை ஏற்று, அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி நிறுவனத்துக்குச் சென்றார். ஆய்வுக்கூடம் என்று சொல்ல அங்கு ஒன்றுமில்லை. எறிந்த புட்டிகளையும் பழைய கலங்களையும் பொறுக்கிக் கருவிகளாக்கினார். ஆண்டுதோறும் பருத்தியே விதைத்ததால் அந்நிலத்தின் தழைச்சத்து வற்றியிருந்தது. பயறும் நிலக்கடலையும் வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்களால் காற்றின் தழைச்சத்தை நிலத்துக்குத் தருவன. ஆகவே இவற்றைப் பருத்தியோடு மாற்றிப் பயிரிடச் சொன்னார். நம் தென்னார்க்காட்டார் மல்லாட்டை என்பதும் இந்நிலக்கடலையைத்தான்.

விளைந்ததை என் செய்வது என்று உழவர் திகைத்தபோது, சிறுவயதில் சூசனிடம் கற்ற சமையல் கைகொடுத்தது. மனித உணவுக்காக நிலக்கடலையைப் பக்குவப்படுத்தும் 105 வழிகளை 1916 இல் ஒரு சிறு நூலில் எளிய மொழியில் எழுதினார். பள்ளிக்கு வர இயலாத உழவர்க்காக 1906 முதலே ஜெசப் வண்டி என்னும் நடமாடும் பள்ளி சிற்றூர்தோறும் சென்றது. 1921 இல் அமெரிக்கப் பேரவைக் குழுவின் முன் நிலக்கடலை வரி பற்றிப் பேசச் சென்றவர்க்குப் பத்து மணித்துளிகளே ஒதுக்கப்பட்டன. கேட்டவர்கள் மனமிழந்து நேரத்தை நீட்டித்தனர்.

நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வரே என்று சில பள்ளி நூல்கள் எழுதுவது பிழை. அது அவருக்கு முன்பே இருந்தது. அவர் கூறிய பண்டங்களுள் பல விற்பனைக்கு வரவுமில்லை. அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. இதனால் அவர் பெருமை குறையாது. ஏழை உழவன் வீட்டு உலையிலும் வயலிலும் அவர் செய்த வேலை காப்புரிமைக் கணக்கில் ஏறுவதன்று.

தூரிகையை அவர் முற்றும் கைவிட்டாரா எனின், இல்லை. அலபாமாவின் செம்மண்ணையும் களிமண்ணையும் அரைத்து வண்ணங்கள் ஆக்கினார். ஏழைகள் தம் குடிசைகளுக்கு அவற்றைப் பூசலாம் என்றார். தாமும் அவற்றால் ஓவியம் தீட்டினார். 1943 சனவரி 5 ஆம் நாள் மறைந்து, டஸ்கீகியில் புக்கர் வாஷிங்டனின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயரால் அங்கு எழுந்த காட்சிச்சாலையில் 1947 இல் தீப்பற்றியது. அவ்வோவியங்களுள் பெரும்பாலானவை அதில் எரிந்துபோயின.