வராகனைக் காத்த வழக்கு

செங்கற்பட்டு ரயிலடியிலே இறங்கித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள், கல்லிலே பல்லவன் புகழ் நிலைத்திருப்பதைக் கண்டு வியக்கிறார்கள். வியக்கட்டும்! கல்லுக்கு வக்கீல் வேண்டியதில்லை. அதற்கு வழக்கெல்லாம் உப்புக் காற்றோடுதான். பணத்தை விட்டுச் சென்றவன் பெயர் நிலைப்பது அத்தனை எளிதா?

பச்சையப்பரைச் சொல்கிறோம். 1754-இல் பெரியபாளையத்தில், தந்தை முகம் காணாத பிள்ளையாகப் பிறந்தவர். தாய் பூச்சியம்மாளிடம் காசில்லை. சென்னையிலே நாராயண பிள்ளை என்ற துபாஷி ஆதரவு தந்தார். வெள்ளையனுக்கும் நம்மவனுக்கும் நடுவே நின்று பேசி, பேரம் முடிக்கும் வேலை அது. சிறுவன் கற்றான், வாலிபத்திலேயே செல்வனானான். தஞ்சைச் சீமை வரை அவருடைய கொடுக்கல் வாங்கல் பரவிற்று. 1794 மார்ச்சில் உயில் எழுதினார். அம்மாத இறுதியிலேயே திருவையாற்றில் கண் மூடினார். வயது நாற்பது!

உயில் சொன்ன அறத்துக்கு ஒரு லட்சம் வராகன், ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய். கோயிலுக்கும் பூசைக்கும் என்று எழுதினார். நாமாயிருந்தால் வேறு விதமாக எழுதியிருப்போம், அது கிடக்கட்டும்.

எழுதியவர் போனார், பணம் பிறர் கைகளிலே சிக்கிற்று. உரிமை கொண்டாடியவர்கள் மோதினார்கள். ஆண்டுகள் உருண்டன; அறம் நடக்கவில்லை. யார் கேட்பது? எந்தச் சாமி கோர்ட்டுப் படி ஏறிற்று? பயனடைய வேண்டிய ஏழையிடம் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது? கடைசியில் சென்னை சுப்ரீம் கோர்ட்டிலே அறத்தின் சார்பாக வாதாட நின்றவர் சர்க்காரின் அட்வகேட் ஜெனரல். முதலில் ஹெர்பர்ட் காம்ப்டன், பின்னர் ஜார்ஜ் நார்ட்டன். வெள்ளையர் என்பதற்காக அவர்கள் செய்த நல்லதை நாம் மறைக்க மாட்டோம்.

இதை இன்று சொல்லக் காரணம் உண்டு. கம்பெனி நிர்வாகி தவறு செய்தாரென்று பங்குதாரர் வழக்குப் போடுகிறார். நிர்வாகியின் வக்கீலுக்கு எங்கிருந்து பணம்? கம்பெனிப் பெட்டியிலிருந்து! பெட்டி யாருடையது? பங்குதாரருடையது! கொக்கிலமேட்டு மீனவர் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கியிருந்தால், தம் வக்கீலுக்கும் அவரே கொடுக்கிறார், எதிரி வக்கீலுக்கும் அவரே கொடுக்கிறார். 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் 201-ஆம் பிரிவிலே வேலி கட்டியிருந்தது: வழக்கில் வென்ற நிர்வாகிக்குத்தான் கம்பெனி செலவைத் தரலாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வேலி இல்லை. 245-ஆம் பிரிவோ, பங்குதாரர் கூட்டாகத் தொடுக்கும் வழக்கின் செலவைக் கம்பெனியாவது, கொடுமைக்குப் பொறுப்பானவராவது ஏற்க வேண்டும் என்கிறது. "கம்பெனியாவது" என்ற அந்த ஒரு சொல்லோடுதான் நமக்குச் சண்டை. குற்றம் மெய்ப்பட்டால், குற்றவாளியின் சொந்த மடியல்லவா அவிழ வேண்டும்?

பச்சையப்பரின் பணத்துக்கு வருவோம். கிடந்த காலத்திலே வட்டி குட்டி போட்டது. கோயில் அறத்துக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1842 ஜனவரி முதல் நாள், சென்னையிலே பள்ளி திறந்தது. 1889-இல் அது கல்லூரியாயிற்று. காஞ்சியிலும் அவர் பெயரில் பள்ளி எழுந்தது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் காஞ்சி அது. அந்தப் பள்ளியின் பெஞ்சியிலே, நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவர் உட்கார்ந்து படித்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரிக்கும் போனார். அவர் பெயர் அண்ணாதுரை.