கப்பல் வாங்கிய வக்கீல்

வக்கீல் தொழிலில் நல்ல வரும்படி. ஊரில் மதிப்பு. மனைவி, மக்கள்.

இவை எல்லாம் உள்ள மனிதர் என்ன செய்வார்? இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு நிம்மதியாக வாழ்வார்.

ஒருவர் அப்படி வாழவில்லை. நாட்டுக்காகக் கப்பல் விட்டார். அதற்காகத் தன்னிடம் இருந்தது அத்தனையையும் இழந்தார். அவர்தான் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

சிதம்பரம் பிள்ளை 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை, பெயர் பெற்ற வக்கீல். தாயார் பரமாயி அம்மாள்.

மகனும் சட்டம் படித்து வக்கீல் ஆனார். ஏழைகளுக்குப் பணம் வாங்காமல் வழக்காடினார். 1900-ம் ஆண்டு தூத்துக்குடிக்குக் குடி வந்தார்.

அப்போது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. அதன் பெயர் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அது கேட்டதுதான் கட்டணம். நம் வியாபாரிகள் வாய் திறக்க முடியாது.

வணிகத்தின் பெயரால் வந்தவர்கள்தான் நாட்டைப் பிடித்தார்கள். அந்த வணிகத்திலேயே அவர்களை மடக்க வேண்டும் என்று சிதம்பரம் பிள்ளை எண்ணினார்.

பங்கு 25 ரூபாய்

1906-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சுதேசிக் கப்பல் கம்பெனி பிறந்தது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40 ஆயிரம் பங்குகள்.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவர் ஆனார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினார். ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார் சிதம்பரம் பிள்ளை.

கம்பெனி இருந்தது. ஆனால் சொந்தக் கப்பல் இல்லை! முதலில் வாடகைக் கப்பல்தான் ஓடியது. வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? கப்பலின் சொந்தக்காரரை மிரட்டியது. அவர் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

சிதம்பரம் பிள்ளை தளரவில்லை. கொழும்புக்குப் போய் வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். பிறகு சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டார்.

வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை. மனைவி மீனாட்சி அம்மாள் கர்ப்பிணி. போக வேண்டாம் என்று வேண்டியவர்கள் பலர். அவர் கேட்கவில்லை. திரும்பினால் கப்பலோடு திரும்புவது, இல்லாவிட்டால் கடலில் விழுந்து உயிர் விடுவது என்று சபதம் செய்துவிட்டுப் போனார்.

1907-ல் கப்பல்கள் வந்தன. ஒன்று 'காலியா'. மற்றொன்று 'லாவோ'. தூத்துக்குடி மக்கள் ஆரவாரம் செய்தார்கள்.

கட்டணப் போர்

இனித்தான் உண்மையான போட்டி தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. உடனே, இலவசமாகவே ஏற்றிச் செல்கிறோம் என்று கூப்பிட்டது வெள்ளைக்காரக் கம்பெனி. ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள்!

அப்படியும் பலர் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில்தான் ஏறினார்கள்.

ஆனால் வெள்ளைக்காரக் கம்பெனியிடம் பணம் மலைபோல் இருந்தது. நட்டத்தை எத்தனை நாளும் தாங்கும். சுதேசிக் கம்பெனியால் தாங்க முடியாது. கப்பல் தொழிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அரசியல் வேண்டாம் என்று அவருக்கு வேண்டியவர்களே சொன்னார்கள்.

அவர் நிற்கவில்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். தொழிலாளர்கள் வென்றார்கள். கூலி உயர்ந்தது.

சர்க்காரின் கோபமும் உயர்ந்தது.

மாடு இழுத்த செக்கு

1908 மார்ச் 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளை கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் மாண்டனர்.

ராஜத் துரோக வழக்கு நடந்தது. ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். இரண்டு ஆயுள் தண்டனை! மொத்தம் 40 ஆண்டுகள்! சிதம்பரம் பிள்ளைக்கு அப்போது வயது 35.

தீர்ப்பைக் கேட்ட அவர் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். கடைசி வரை தெளியவில்லை.

மீனாட்சி அம்மாள் மனம் தளராமல் அப்பீலுக்குப் பாடுபட்டார். தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது.

கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை இந்த வக்கீல் இழுத்தார். கொதிக்கும் வெயிலில் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு கண்ணனூர் சிறைக்கு மாற்றினார்கள். அந்த நிலையிலும் அவர் எழுதுவதை விடவில்லை. தன் வாழ்க்கை வரலாற்றைச் செய்யுளாகவே எழுதினார்.

வெளியே கம்பெனி நொடித்தது. 1911-ல் அதை மூடிவிட்டார்கள். 'காலியா' கப்பல், போட்டி போட்ட வெள்ளைக்காரக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. சிறைக்குள் இருந்த சிதம்பரம் பிள்ளைக்குச் செக்கைவிட இதுதான் பெரிய வலி.

வாசலில் கூட்டம் இல்லை

1912 டிசம்பர் 24-ந் தேதி அவர் விடுதலை ஆனார். முன்பு அவர் பேச்சைக் கேட்க ஆயிரக்கணக்கானவர்கள் கூடியதுண்டு. இப்போது சிறை வாசலில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே நின்றார்கள். அவர்களில் ஒருவர் சுப்பிரமணிய சிவா.

வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைத்தார். பல ஆண்டுகள் வறுமை. பிறகு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறக்காமல் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். அவர் வெள்ளைக்காரர்களை வெறுக்கவில்லை. அவர்கள் ஆட்சியைத்தான் எதிர்த்தார்.

1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் அவர் காலமானார். சுதந்திர நாட்டை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

1949-ல் தூத்துக்குடியில் ஒரு கப்பலை ராஜாஜி தொடங்கி வைத்தார். கப்பலின் பெயர் 'வ.உ.சிதம்பரம்'. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது.

லாப நட்டக் கணக்குப் பார்த்தால் சுதேசிக் கம்பெனி தோற்றதுதான். ஆனால் வெள்ளைக்காரனோடு கடலிலும் போட்டி போடலாம் என்ற துணிச்சல் அந்தக் கம்பெனியால் பிறந்தது. அந்தத் துணிச்சலுக்கு ஒரு குடும்பம் தன் சுகம் முழுவதையும் விலையாகக் கொடுத்தது.