மருத்துவர் மோட் மென்டன் (1879–1960)

உயர்தர உயிரியலில் நாம் வரைந்த நொதிய வளைகோட்டுக்குப் பின்னால் ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார். கனடாவில் பிறந்த மோட் மென்டன், 1911இல் டொராண்டோவில் எம்.டி. பட்டம் பெற்றபின் பெர்லினுக்குக் கப்பலேறினார். அங்கே லியோனர் மைக்கேலிஸுடன் சேர்ந்து, சீனியைப் பிளக்கும் இன்வர்ட்டேசின் வேகத்தை அளந்து, 1913இல் அந்தச் சமன்பாட்டை வெளியிட்டார். கீழ்ப்படைச் செறிவு கூடினால் தாக்க வேகமும் கூடும். நொதியமெல்லாம் நிரம்பியபின் கூடாது. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. கொழுந்து குறைந்த நாளில் நிறை குறையும். மலை நிறையக் கொழுந்து இருந்தாலும் எடுப்பவருக்குக் கை இரண்டுதான். வேகம் உச்சத்தில் பாதியாகும் செறிவுக்கு மைக்கேலிஸ் மாறிலி என்று பெயர். அதில் ஏனோ மென்டன் இல்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு நோயியல் கற்பித்தவருக்கு, 70 வயதை நெருங்கியபோதுதான் முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஓவியமும் கிளாரினெட்டும் கைவந்த அவர் 1960இல் காலமானார்.